ஜூன் மாதத்து ஏரி

மார்ச் 3

இல்லை. போனதில்லை. உதய்பூருக்கு மட்டுமல்ல, ராஜஸ்தான் பக்கமே தலை வைத்துப் படுத்ததில்லை. திண்டுக்கல்லில் பிறந்து, திருச்சியில் எம்.ஏ. படித்து, அங்கிருந்து நேராகச் சிங்கப்பூர்.

இதைத்தான் இன்று கவுண்டரில் நின்ற பெரியவரிடம் சொல்ல வாயெடுத்தேன். "நீ போயிருக்கியாம்மா?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நான் சொல்வதற்குள் உள்ளறையிலிருந்து முதலாளி தங்கராஜு சாரின் குரல்: "சக்தி போகாத ஊரே இல்ல சார். நம்ம வெப்சைட்ல இருக்கறது எல்லாம் அவ எழுதினதுதான்."

பெரியவர் நிறைவாகத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

போகாத ஊருக்கு வழி சொல்கிறாள் என்று எங்கள் ஊரில் கேலி பேசுவார்கள். எனக்கு அதுவே உத்தியோகம். அப்பர் டிக்சன் ரோட்டில், நகைக்கடைக்கு மேல் மாடியில், சுற்றுலா நிறுவனத்தில் ஒரு மேசை. அதற்கொரு எஸ் பாஸ், இங்கே வேலை செய்ய அனுமதி. மேசை இருக்கும்வரை பாஸ், பாஸ் இருக்கும்வரை இந்த ஊர்.

புதுத் தலைப்பு வந்திருக்கிறது: உதய்பூரில் பார்க்கவேண்டிய அரண்மனைகள், கோயில்கள், ஏரிகள். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம்.


மார்ச் 5

எழுதும் முறை இதுதான்: பிறர் எழுதியதைப் படிக்க வேண்டும். அவர்களும் போனதில்லை என்பது இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும். எல்லோருக்கும் அதே 'கண்கொள்ளாக் காட்சி'. யாருடைய கண், எவ்வளவு கொள்ளும்?

அவற்றையெல்லாம் அடித்துவிட்டால் மிஞ்சுவது கொஞ்சம்தான். ஏரிக்கரையில் பெரிய அரண்மனை. ஏரி நடுவில் வெள்ளை அரண்மனை. மலைமேல் ஒன்று, மேகம் பார்க்கக் கட்டியது. படிகள் ஏறிப் போகவேண்டிய ஜகதீசர் கோயில். பிச்சோலா, ஃபதே சாகர் என்று ஏரிகள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் யாரையும் பார்க்காமல் எழுதினேன்: "மாலையில் படகில் பேசாமல் உட்கார்ந்திருங்கள். அந்த வெள்ளை அரண்மனை தானாக உங்களிடம் மிதந்து வரும்."

இரண்டு முறை படித்துப் பார்த்தேன். பிடித்திருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும்.


மார்ச் 6

பக்கம் இணையதளத்தில் ஏறிவிட்டது. மேலே பெரிய படம், விளிம்பு வரை தளும்பும் ஏரி. கீழே சிவப்பில்: ஜூன் பள்ளி விடுமுறைச் சிறப்புப் பயணம்.

ஷபானா எட்டிப் பார்த்தாள். பக்கத்து மேசை, டிக்கெட் வேலை, இங்கேயே பிறந்தவள். "படிச்சா நானே கெளம்பிப் போயிருவேன் போல இருக்குலா. ஆனா எனக்கு ஸ்டாஃப் டிஸ்கவுன்ட் கெடைக்காது."


மார்ச் 14

ரஞ்சிதம் அக்கா பதிவு செய்துவிட்டார்!

புக்கிட் பாஞ்சாங்கில் நான் வாடகைக்கு இருக்கும் அறை அவருடைய வீட்டில்தான். தொடக்கப்பள்ளி கேன்டீனில் இந்தியச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். விடியுமுன் கிளம்பி, மதியம் கறிவேப்பிலை வாசத்தோடு திரும்புவார். இன்று கதவைத் திறந்ததும் கையில் ரசீது.

"நானும் ஹலீமாவும் போறோம். மலாய் ஸ்டால் ஹலீமா, சொல்லியிருக்கேன்ல. ஜூன்ல. உன் ஆஃபீஸ்லதான் போட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேக்கா?"

"சொன்னா நீ போயி டிஸ்கவுன்ட் கேட்டு நிப்ப. எதுக்கு? என் காசு, நான் போறேன்."

குளிர்பதனப் பெட்டிக் கதவில் என் பக்கத்தை அச்செடுத்து ஒட்டியிருக்கிறார். படகு வாக்கியத்துக்குக் கீழே மஞ்சள் மையில் கோடு.

"இதுவரைக்கும் இந்தியாவுக்கு எதுக்குப் போயிருக்கேன் தெரியுமா? கல்யாணம், கருமாதி, காதுகுத்து. போன எடத்துலயும் அடுப்படிதான். இப்பதான் மொத தடவ ஒண்ணுத்துக்கும் இல்லாம போறேன். சும்மா. படகுல போயி உக்காரணும். ஒருத்தரும் என்கிட்ட ஒரு பிளேட் கேக்கக்கூடாது."

'பேசாமல்' என்ற சொல்லைத் தொட்டுக் காட்டினார். அது சரியாக இருக்கிறதாம்.


மார்ச் 19

அக்கா அகல விளிம்புத் தொப்பி ஒன்று வாங்கி வந்திருக்கிறார். வைக்கோல் நிறம், பச்சை நாடா. வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்குகிறார்.


மார்ச் 27

படகு நேரம் உறுதிசெய்ய உதய்பூர் வழிகாட்டிக்குப் போன் செய்தேன். மகிபால் என்று பெயர். ஆங்கிலத்தில்தான் பேச்சு. ஜூன் குழு என்றதும் சிரித்தார். ஜூனில் எங்கள் ஊர்க்காரர்களே வேறு ஊருக்குப் போகப் பார்ப்பார்கள் மேடம், உங்களை யார் அனுப்புகிறார்கள் என்றார்.

பள்ளி விடுமுறை என்றேன். மழைக்கு அது தெரியாதே என்றார்.

போன வருடம் மழை சரியில்லையாம். தண்ணீர் இப்போதே படிகளை விட்டு இறங்கிவிட்டது, ஜூனில் படகு விடுவார்கள் என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள் என்றார். மழை முடிந்து வாருங்கள், டிசம்பர் நல்லது.

படம் கேட்டேன். அனுப்பினார். நீருக்குள் இருந்திருக்க வேண்டிய படிகள் வரிசையாகக் கீழே இறங்குகின்றன. பிறகு சேறு. சேற்றில் ஒரு எருமை. தூரத்தில் அந்த வெள்ளை அரண்மனை, பாவாடையைத் தூக்கிப் பிடித்தவள் மாதிரி அடிக்கல் தெரிய நிற்கிறது.

எங்கள் பக்கத்தில் இருக்கும் படம் எப்போது எடுத்தது? தேடிப் பார்த்தேன். ஒரு செப்டம்பரில்.


மார்ச் 28

சாரிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கையை நீட்டி எட்ட வைத்துப் பார்த்தார்.

"எருமை நல்லாத்தான் இருக்கு."

"சார், படகு ஓடாது. அதையாவது பக்கத்துல போட்டுரலாமா?"

"ஜூன்ல மழை வந்துரும்."

"மாசக் கடைசியிலதான் ஆரம்பிக்குமாம். நம்ம குரூப் முதல் வாரமே போகுது."

"சக்தி, இங்க பாரு. இந்த ஊர்ல குடும்பம் எப்ப கெளம்பும்? ஸ்கூல் லீவு விட்டாத்தான். ஜூன், இல்லேன்னா டிசம்பர். டிசம்பர்ல எல்லாரும் சொந்த ஊருக்குத்தான் போவாங்க, நம்ம கிட்ட டூருக்கு வர மாட்டாங்க. மிச்சம் ஜூன்தான். இது நான் வெச்ச சட்டமா? எழுதுறது உன் வேலை. தண்ணி ஊத்துறது மழையோட வேலை. ரெண்டையும் போட்டுக் கொழப்பாத."

எழுந்தேன். கதவருகே போனதும் மென்மையாகக் கேட்டார், "உனக்கு மே மாசம் பாஸ் ரெனியூவல்ல? ஞாபகப்படுத்து."

கெட்டவர் இல்லை. பொங்கலுக்கு எனக்குப் புடவை எடுத்துத் தந்தவர். அதனால்தான் இது இவ்வளவு எரிகிறது.


மார்ச் 30

பயம்தான். வேறென்ன?


ஏப்ரல் 2

வேலை முடிந்து தேக்கா வழியாக நடந்தேன். வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் நின்றேன். உள்ளே போகவில்லை. என்ன கேட்பது? ராஜஸ்தானில் மழையா? எஸ் பாஸா?

ரயிலில் புக்கிட் பாஞ்சாங் வரை நின்றுகொண்டே வந்தேன். எதிரே விளம்பரத் திரையில் யாரோ ஒரு பெண் ஏதோ கடற்கரையில் கைகளை விரித்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குக் கீழே ஓடிய வாக்கியத்தையும் என்னைப்போல் ஒருத்தி எழுதியிருப்பாள். அவள் மேசைக்கும் ஒரு பாஸ் இருக்கும்.

சரி. அதனால்? அதனால் நான் எழுதியது சரியாகிவிடுமா?


ஏப்ரல் 3

அக்காவிடம் சொன்னேன். சமையலறையில், அவர் மறுநாளுக்குக் கடலை ஊறப்போடும்போது. மகிபாலின் படத்தையும் காட்டினேன்.

முதலில் புரியாத மாதிரி பார்த்தார். பிறகு குளிர்பதனப் பெட்டிக் கதவை. பிறகு என்னை.

"அப்ப இது?"

"நான் எழுதினதுதான்."

"பொய்யா?"

"செப்டம்பர்ல உண்மைக்கா."

"வாத்தியார் மாதிரி பேசாத! நான் போறது ஜூன்ல. ஜூன்ல அது என்ன?"

"பொய்."

கடலைப் பாத்திரத்தைத் தொட்டியில் டங்கென்று வைத்தார். இத்தனை நாளாக இந்த வீட்டில் நான் கேட்காத சத்தம். எனக்கு அழுகை வரவில்லை, வரவேண்டும் என்று காத்திருந்தேன்.

"டிசம்பர்ல தண்ணி இருக்குமா?"

"மழை பெய்ஞ்சா இருக்கும்க்கா. டிசம்பர்தான் நல்லதுன்னு அங்க உள்ளவரே சொல்றாரு."

"டிசம்பர்லயும் எனக்கு லீவுதான். ஸ்கூல் மூடிருவாங்க." கையைத் துடைத்துக்கொண்டார். "மாத்தச் சொல்லிக் கேக்குறேன். அது பரவால்ல. ஆனா நீ ஏன் என்கிட்ட மட்டும் சொல்ற? நான் உனக்கு வீடு குடுத்திருக்கேன்னா? டூர் வாட்சாப் குரூப்ல இன்னும் எத்தன பேரு. ஒரு அண்ணே தெனமும் குட் மார்னிங்கோட அந்த ஏரிப் படத்தத்தான் போடுறாரு. அவருக்கு யார் சொல்வா?"

யார் சொல்வார்?

ஒருத்தியிடம் சொன்னதும் கழுவிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். எவ்வளவு மலிவு.


ஏப்ரல் 6

பக்கத்தை மாற்றி எழுதினேன். தளத்தின் கடவுச்சொல் என்னிடம்தான் இருக்கிறது. யாரையும் கேட்கவில்லை. மகிபாலிடம் அனுமதி வாங்கி அவருடைய படத்தை மேலே போட்டேன், எருமையோடு. கோயில் படிகளைப் பற்றியும் அரண்மனை வாசல்களைப் பற்றியும் அவரைக் கேட்டுக் கேட்டு எழுதினேன். என் வாக்கியத்தை எடுத்துவிட்டேன். நகல் இங்கே இருக்கட்டும், நாளை அது அங்கே இருக்காது:

"உதய்பூரின் ஏரிகள் மனிதர் அமைத்தவை. மழை நிரப்பினால்தான் நிறையும். ஜூன், அந்த ஊர் மழைக்குக் காத்திருக்கும் மாதம். இந்த ஆண்டு பிச்சோலாவில் நீர் படிகளை விட்டு இறங்கியிருக்கிறது. படகு ஓடலாம், ஓடாமலும் போகலாம். நடுவிலிருக்கும் வெள்ளை அரண்மனை இப்போது ஓட்டல். அங்கே தங்குபவர்கள்தான் உள்ளே போகலாம், மற்றவர்கள் தூரத்திலிருந்து பார்க்கலாம். கரையிலிருக்கும் பெரிய அரண்மனைக்குள் வழிகள் குறுகல், படிகள் அதிகம். மூட்டுவலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். ஜகதீசர் கோயில் வாசலில் இரண்டு கல் யானைகள். அவற்றைத் தாண்டிச் செங்குத்தாக ஏறவேண்டும், வெறுங்காலோடு நிற்கும்போது கல் சுடும். மலைமேல் ஓர் அரண்மனை, மேகம் வருவதைப் பார்க்கவே கட்டியது. ஜூனில் போனால் நீங்களும் அதைத்தான் செய்வீர்கள். ஏரிதான் பார்க்கவேண்டும் என்றால் டிசம்பரில் போங்கள்."

இதில் கண்கொள்ளாதது எதுவும் இல்லை. நான் எழுதியதிலேயே இதுதான் நன்றாக இருக்கிறது. இணைப்பை வாட்சாப் குழுவிலும் போட்டேன், என் பெயர் போட்டு.




ஏப்ரல் 7

காலையில் நான் போய்ச் சேரும்போதே பக்கம் இல்லை. சார் நின்றுகொண்டிருந்தார். அவர் நின்று நான் பார்த்ததே இல்லை.

"கடைய மூடுறதுக்கு எழுதினியா?"

"ஏரியப் பத்தி எழுதினேன் சார்."

"உன்ன யாரு கேட்டா ஏரியப் பத்தி? காலையிலருந்து போன்! எருமையப் பாத்துட்டு ஒவ்வொருத்தனும் டெபாசிட்டத் திருப்பிக் கேக்குறான்!"

ஷபானா திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் தட்டச்சு செய்துகொண்டே இருந்தாள். அவள் திரையில் ஒன்றும் திறந்திருக்கவில்லை.

குரலைத் தணித்துக்கொண்டு சார் வழி சொன்னார். குழுவில் நான் ஒரு குரல்பதிவு போடவேண்டும். படம் பழையது, தவறுதலாகப் போட்டுவிட்டேன், மன்னிக்கவும். அவ்வளவுதான். அதன்பிறகு எல்லாம் பழையபடி.

"பாஸ் பேப்பர் என் மேசையிலதான் இருக்கு. இன்னிக்கே அனுப்பிரலாம்."

யோசித்தேன். யோசிக்கவில்லை என்று இங்கே எழுதினால் அதுவும் பொய். அறை, ரயில், நூலகச் சந்தா, மாதம்தோறும் வீட்டுக்குப் போகும் பணம் — எல்லாம் ஒரு சுற்று வந்து போயின.

"நான் எழுதினதுல இது ஒண்ணுதான் சார் சரியா இருந்துச்சு. இதுக்கு எப்படி மன்னிப்புக் கேக்குறது? முதல்ல எழுதினதுக்குன்னா கேக்குறேன். இப்பவே கேக்குறேன்."

அவர் உட்கார்ந்துவிட்டார்.

பிற்பகலில் மாடிப்படியில் கறி வாசனை. ரஞ்சிதம் அக்கா, கேன்டீன் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல். பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஹலீமா. நான் வரச் சொல்லவில்லை.

"அண்ணே," என்றார் அக்கா, கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றி. "நான் ஒரு பிளேட் மீ கோரெங்குல மீ இல்லாம, நூடுல்ஸே இல்லாம குடுத்தா, பிரைமரி ஒன் பிள்ள கூட திருப்பிக் கொண்டாந்துரும். நீங்க ஏரி இல்லாம ஏரி டூர் போடுறீங்களே, எப்படிண்ணே?"

"அலாமாக், சார்," என்றார் ஹலீமா, மலாயில் ஐயையோ என்று. "நோ வாட்டர், ஹவ் டு போட்?"

ஷபானாவின் தோள்கள் குலுங்கின. வேறு இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள், அவர்கள் வெளிப்படையாகவே சிரித்தார்கள்.

"எங்க ரெண்டு பேரையும் டிசம்பருக்கு மாத்துங்க. குரூப்ல கேட்டுட்டேன், இன்னும் பாதிப் பேரு வர்றாங்க. டிசம்பர்ல யாரும் டூர் வர மாட்டாங்கன்னு சொன்னீங்களாமே? நாங்க வர்றோம். போடுங்க."

சார் அக்காவைப் பார்த்தார், ஏப்ரனைப் பார்த்தார், வாடிக்கையாளர்களைப் பார்த்தார். வியாபாரி. "அதுக்கென்ன தங்கச்சி, போட்டுரலாம்," என்றார்.

அவர்கள் படியிறங்கிய பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "மே வரைக்கும் வா. ரெனியூ பண்ண மாட்டேன்."

"சரி சார்."

என் குரல்தானா அது? நன்றாக இருந்தது.


ஏப்ரல் 21

குழுவில் சிலர் ஜூனிலேயே போகிறார்களாம். குட் மார்னிங் அண்ணன் உட்பட. பிள்ளைக்கு டிசம்பரில் வேறு ஏதோ முகாம். "எருமையையும் பாத்துட்டு வர்றோம், ஏசி பஸ்தானே," என்று எழுதியிருந்தார்.

நல்லது. தெரிந்து போகிறார். அதற்கு மேல் எனக்கு அதில் சொல்ல எதுவும் இல்லை.


மே 8

கிளமெண்டியில் ஒரு நிறுவனத்தில் நேர்காணல். எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில், பழைய இடத்தை ஏன் விடுகிறீர்கள் என்றார்கள். ஏரியில் தண்ணீர் இல்லை என்று எழுதியதால் என்றேன். எதிரே இருந்தவர் பேனாவை மூடினார்.

வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். 'புதிய வாய்ப்புகளைத் தேடி.' அதை எழுதத் தெரியாதவளா நான்?


மே 15

இன்னொன்று. அங்கிருந்தும் பதில் இல்லை.

வீட்டுக்குப் போனில் சொல்லிவிட்டேன். "பொய் சொல்லச் சொன்னானா?" என்றார் அப்பா. ஆமாம் என்றேன். "சரி, வா," என்றார். அதோடு வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.


மே 24

டிசம்பர் பயணத்துக்கான விளம்பரத்தாள் வந்துவிட்டது. அக்காதான் கொண்டுவந்து நீட்டினார். என் பத்தி. மனிதர் அமைத்த ஏரிகள், கல் யானைகள், மூட்டுவலிக்காரர்கள், அப்படியே. ஜூன் வரிகளை மட்டும் எடுத்துவிட்டார்கள். கீழே: "எங்கள் அனுபவமிக்க குழுவினர் எழுதியது."

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "திருட்டுப்பய. ஏப்ரனோட மறுபடி போகவா?"

"வேண்டாம்க்கா. இந்தத் தடவ சரியா போட்டிருக்காங்க. இருக்கட்டும்."

"உன் பேரு?"

பெயர். அதைத்தான் மத்தியானம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். பெயர் இல்லாதது உறுத்துகிறதா? உறுத்துகிறது. ஆனால் அதைவிட உறுத்துவது வேறொன்று. அந்தப் பத்தியும் மகிபால் பார்த்தது, மகிபாலின் படம், மகிபாலின் படிகள். சுடும் கல்லை நான் மிதித்ததில்லை. உண்மைதான், ஆனால் இரவல்.

அந்தப் பெரியவர் இன்று வந்து கேட்டாலும் என் பதில் அதேதான். இல்லை. போனதில்லை.


மே 29

கடைசி நாள். சார் கைகுலுக்கினார். ஏதோ சொல்ல வந்து, "உடம்பப் பாத்துக்க," என்று முடித்தார்.

ஷபானாவிடம் ஊருக்கு டிக்கெட் போடச் சொன்னேன். திருச்சி என்று தட்டப் போனவளின் கையைப் பிடித்தேன்.

"உதய்பூர்."

"எப்போ?"

"ஜூன் மூணு."

"பைத்தியமாலா உனக்கு? ஜூன்ல யாராச்சும் போவாங்களா? நீதானே ஊரக் கூட்டிச் சொன்ன?"

"நான்தான் சொன்னேன். அதான் பாத்துட்டு வர்றேன்."

"அங்க ஒண்ணும் இருக்காதுடீ."

"படி இருக்கும். எருமை இருக்கும். மேகம் பாக்குற அரண்மனை இருக்கும்."

திருச்சியை விட்டுவிட்டு உதய்பூர் என்று தட்டினாள். "ஸ்டாஃப் டிஸ்கவுன்ட் இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும் இருக்குன்னு போட்டுக்கறேன். சார் கேட்டா நான் பாத்துக்கறேன்."

டிக்கெட் போட்டாயிற்று. இரண்டு நாள் அங்கே, பிறகு ரயிலில் ஊர். வீட்டுக்கு வந்து, ரஞ்சிதம் அக்காவிடம் அந்தத் தொப்பியைக் கேட்டு வாங்கிப் பெட்டியில் மேலாக வைத்தேன்.